செல்லப்பெயரையே சான்றிதழில் எழுதலாமா? – கேள்வி பதில்

வீட்டில் கொஞ்சி அழைக்கும் பெயரையே குழந்தையின் பதிவுப் பெயராகவும் வைக்க விரும்பும் பெற்றோர் பலர் அனுப்பிய கேள்விகளுக்கு, நகராட்சி ஒன்றின் பிறப்பு, இறப்புப் பதிவுப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற அம்மையார் ஒருவர் எழுதிய பதில்கள் இவை.

கேள்வி (திருச்சி, நான்கு மாதக் குழந்தையின் தாய்): வணக்கம் அம்மா. எங்கள் மகளைப் பிறந்த நாளிலிருந்தே ‘அம்மு’ என்றுதான் அழைக்கிறோம். பிறப்புச் சான்றிதழில் பெயர் இன்னும் சேர்க்கவில்லை. வேறு பெயர் வைத்தாலும் அது நம் வாயில் வரப்போவதில்லை, ஆகவே அம்மு என்றே பதிந்துவிடலாம் என்கிறார் என் கணவர். மாமியாருக்கு அதில் சம்மதமில்லை. யார் சொல்வது சரி?

பதில்: சட்டத்தில் இதற்குத் தடை ஏதும் இல்லை, மகளே. பெற்றோர் எழுதித் தரும் பெயரைப் பதிவாளர் பதிந்துகொள்வார். அது செல்லப்பெயரா, முழுப்பெயரா என்று அவர் விசாரிப்பதில்லை. ‘அம்மு’ என்ற பெயரோடு பொதுவாழ்வில் உயர்ந்தவர்களும் உண்டு. அரசியல் நிர்ணய சபையில் சென்னை மாகாணத்தின் சார்பில் அமர்ந்து, 1952 தேர்தலில் திண்டுக்கல்லிலிருந்து மக்களவைக்குச் சென்ற அம்மு சுவாமிநாதனை உங்கள் கணவர் உதாரணம் காட்டினால், அதை மறுக்க என்னிடம் பதில் இல்லை. ஆனால் அவர் பிறந்த மலபார்ப் பகுதியில் அம்மு, அம்முக்குட்டி என்பவை பாட்டி முதல் பேத்தி வரை எல்லோரும் தாங்கிய வழக்கமான பெண் பெயர்கள். அங்கே அந்தப் பெயரைக் கேட்டவருக்கு ஒரு பெண் நினைவுக்கு வந்தாள். இன்று நம் ஊரில் அதே பெயரைக் கேட்பவருக்கு நினைவுக்கு வருவது தொட்டிலில் கிடக்கும் குழந்தை. ஜெயலலிதாவையும் வீட்டில் அம்மு என்றுதான் அழைத்தார்கள். வெளியுலகம் அறிந்த பெயர் வேறாக இருந்தது.

உங்கள் கணவரின் அன்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இருந்தாலும் அவர் யோசிக்க வேண்டிய ஒன்று உண்டு. பதிவேட்டில் எழுதப்படும் பெயரை உரத்துப் படிக்கப்போகிறவர்கள் நீங்கள் அல்லர். வகுப்பாசிரியர், தேர்வுக் கண்காணிப்பாளர், வங்கி அலுவலர், மருத்துவமனைச் செவிலியர், இனி அவள் வாழ்வில் வரப்போகும் எண்ணற்ற அறிமுகமில்லாதவர்கள். அம்மு என்பதையே பதிந்துவிட்டால், நீங்கள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சொல்லும் அதே சொல்லைத்தான் அவர்களும் சொல்வார்கள். அப்போது வீட்டுக்கென்று மட்டும் அவளுக்கு ஒரு பெயர் மிஞ்சாது. அந்தப் பெயரின் மீது இவ்வளவு பிரியம் இருப்பதாலேயே, அதை வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றுங்கள் என்பேன்.

இடைவழி ஒன்றும் இருக்கிறது. அமுதா, அமுதினி, அமிர்தா என்று அம்முவாகச் சுருங்கக்கூடிய ஒரு பெயரைப் பதியுங்கள். நீங்கள் ஒருநாள்கூட அந்த முழுப்பெயரைச் சொல்லி அழைக்க வேண்டியதில்லை. இருபது வயதில் அவளே ‘என்னை அம்மு என்றே எல்லோரும் கூப்பிடுங்கள்’ என்று சொல்லிக்கொள்ளலாம்; அதற்கு எந்த அலுவலகத்திலும் மனுக் கொடுக்க வேண்டாம். சுருக்கியதைப் பதிந்துவிட்டு, பெரிய பெயர் வேண்டுமென்று பின்னர் அவள் விரும்பினால்தான் மனு, விளம்பரம், கட்டணம் எல்லாம். எனவே உங்கள் மாமியாரின் பக்கமே நான் நிற்கிறேன்.

கேள்வி (மதுரை, ஓய்வு பெற்ற ஆசிரியர்): அம்மையீர், எங்கள் தலைமுறையில் செல்லம்மாள், தங்கம், சின்னத்தம்பி, ராசாத்தி, பாப்பம்மாள் என்பவை எல்லாம் கொஞ்சும் சொற்களாக இருந்து பெயர்களாக ஆனவையே. அவர்கள் யாரும் தாழ்ந்துபோகவில்லை. இன்று மட்டும் ஏன் இந்தத் தயக்கம்?

பதில்: ஐயா, நீங்கள் சொல்வது முற்றிலும் உண்மை. பாரதியாரின் மனைவி பெயர் செல்லம்மாள். அவர்களுடைய மூத்த மகள் தங்கம்மாள். கோவை மாவட்டம் தேக்கம்பட்டியில் நூறு வயதைக் கடந்தும் வயலில் இறங்கி வேலை செய்து 2021இல் பத்மஸ்ரீ பெற்றவர் பாப்பம்மாள். மகளிர் சேமிப்புக் குழுக்களைக் கட்டி வளர்த்து, 2019இல் பத்மஸ்ரீ பெற்ற உங்கள் மாவட்டத்துச் சின்னப்பிள்ளையின் கால்களைத் தொட்டு, அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு டெல்லி விருது மேடையில் பிரதமர் வாஜ்பாயே வணங்கினார். தனலட்சுமி என்ற பெயருடன் பிறந்த பெண், பொன்மலையில் ரயில்வே தொழிலாளர்களிடையே வளர்ந்தபோது ஒட்டிக்கொண்ட ‘பாப்பா’ என்ற பெயராலேயே பாப்பா உமாநாத் என்று போராட்டக் களங்களிலும் சட்டமன்றத்திலும் அறியப்பட்டார். குழந்தைத்தனமான பெயர் ஒருவரைச் சிறுமைப்படுத்திவிடும் என்று பேசுகிறவர்கள் இவர்களை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் அந்தப் பெயர்கள் எப்படி அமைந்தன என்பதையும் கவனியுங்கள். பாப்பா என்பதோடு ‘அம்மாள்’ சேர்ந்தது. சின்ன என்பதோடு ‘பிள்ளை’, ‘தம்பி’, ‘சாமி’ சேர்ந்தன. கொஞ்சலும் மரியாதையும் ஒரே பெயரில் இருந்தன. குழந்தையாக இருந்தபோது முதல் பாதியைச் சொல்லி அழைத்தார்கள். வயது ஏறியபோது முழுவதையும் சொன்னார்கள். இன்று பெற்றோர் எழுதித் தரும் சின்னு, புஜ்ஜி, பப்பு, லட்டு ஆகியவற்றில் அந்த இரண்டாம் பாதி இல்லை. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

கொஞ்சுபெயர் நம் குடும்பங்களில் ஏன் இவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. தாத்தா பாட்டியின் பெயரைப் பேரக் குழந்தைக்கு வைப்பது வழக்கம். மாமனார், மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பதும் வழக்கம். சொந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்க முடியாத தாய், ராசா என்றும் கண்ணு என்றும் தங்கம் என்றும் தானே ஒரு பெயரைக் கண்டுபிடித்துக்கொண்டாள். ஊரறிந்த பெயர் குடும்பத்தின் உரிமையாகவும், கொஞ்சும் பெயர் அந்தத் தாயின் உரிமையாகவும் இருந்தன.

பெற்றோரின் அப்போதைய மனநிலையை அப்படியே பெயராக எழுதிவைத்ததன் வேதனையான பக்கத்தையும் நம் பதிவேடுகளில் பார்க்கலாம். அடுத்ததாவது ஆணாகப் பிறக்க வேண்டும் என்று மகளுக்குப் ‘போதும்பொண்ணு’ என்றும் ‘வேண்டாம்’ என்றும் பெயரிட்டார்கள். முந்தைய பிள்ளைகளை இழந்தவர்கள் குப்பம்மாள், பிச்சை, மண்ணாங்கட்டி என்று வைத்தார்கள். அதில் இருந்தது வெறுப்பன்று, இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டுமே என்ற அச்சம். செல்லப்பெயரை இவற்றோடு சேர்க்க எனக்கு மனம் வராது. ஆயினும் பெற்றோரின் அன்றைய உணர்ச்சியைப் பிள்ளை வாழ்நாள் முழுவதும் சுமக்கிறது என்ற அளவில் இவை எல்லாம் ஒன்றுதான்.

கேள்வி (பெங்களூரு, ஆண் குழந்தையின் தந்தை): ‘சின்னு’ என்று பதிந்துவிட்டு, அவன் பள்ளியில் சேரும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அது எளிதா?

பதில்: எளிதன்று, தம்பி. பெயர் இல்லாத சான்றிதழில் பெயரைச் சேர்ப்பது வேறு; சேர்த்த பெயரை மாற்றுவது வேறு. எழுத்துப்பிழையைத் திருத்தச் சட்டத்தில் இடம் உண்டு. மனம் மாறிவிட்டது என்பதற்காக ஒரு பெயரை நீக்கி மற்றொன்றை எழுதுவதைப் பிழைதிருத்தம் என்ற கணக்கில் பதிவாளர் ஏற்கமாட்டார். பெரும்பாலும் அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பை வெளியிட்டு, அந்தப் பிரதியைப் பழைய சான்றிதழோடு சேர்த்து ஒவ்வோர் இடத்திலும் காட்ட வேண்டிவரும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்தலாம். அதில் ஒன்றைக் குழந்தைப் பருவத்திலேயே செலவழித்துவிடுவீர்கள்.

முன்பெல்லாம் பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் கேட்டு எழுதிக்கொண்ட பெயரே நிலைத்துவிட்டது. இப்போது நிலைமை வேறு. 2023இல் திருத்தப்பட்ட பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி, அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை என எல்லாவற்றிலும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். பள்ளியில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பழைய வழியை இனி நம்பாதீர்கள்.

கேள்வி (லண்டன்): இங்கே ஆர்ச்சி, ஆல்ஃபி போன்ற சுருக்கப் பெயர்களையே சான்றிதழில் எழுதுகிறார்கள். அரச குடும்பத்திலேயே அப்படித்தானே? நாங்கள் ஏன் ‘குட்டி’ என்று வைக்கக்கூடாது?

பதில்: நீங்கள் குறிப்பிடுவது சரிதான். இளவரசர் ஹாரியின் முழுப்பெயரிலேயே ஹென்றி இருக்கிறது, ஹாரி இல்லை. அவரோ 2019இல் பிறந்த மகனுக்கு ஆர்ச்சிபால்டின் சுருக்கமான ஆர்ச்சி என்பதையே முறையான பெயராக வைத்தார். 2021இல் பிறந்த மகளுக்கு வைத்த லிலிபெட் என்பது, ராணி எலிசபெத்தைச் சிறுவயதில் குடும்பத்தார் அழைத்த செல்லப்பெயர். ஆனால் அந்தக் குழந்தையின் பெயர் லிலிபெட் டயானா. ஆர்ச்சிக்கும் ஹாரிசன் என்று இரண்டாம் பெயர் உண்டு. பின்னாளில் விரும்பினால் எடுத்துக்கொள்ள மற்றொரு பெயர் சான்றிதழிலேயே காத்திருக்கிறது. மேலும் ஆர்ச்சி என்ற பெயருடைய பெரியவர்களை அங்குள்ளவர்கள் பார்த்திருக்கிறார்கள். உங்கள் நாட்டு முறைப்படி இரண்டு பெயர்களை எழுத இடம் இருப்பதால், முதலில் ஒரு முழுப்பெயரையும் அடுத்ததாகக் குட்டி என்பதையும் எழுதினால் நான் மறுப்புச் சொல்லமாட்டேன்.

கேள்வி (கோவை): நட்சத்திர எழுத்துப்படி பெயர் தேடினால் செல்லப்பெயர் போன்றவைதான் கிடைக்கின்றன. அதையே பதிய வேண்டுமா?

பதில்: வேண்டாம். பெயர்சூட்டும் நாளில் நட்சத்திரப் பெயரைக் குழந்தையின் காதில் மூன்று முறை சொல்லி, பதிவுக்கு வேறு பெயர் கொடுக்கும் குடும்பங்கள் ஏராளம். சான்றிதழில் நட்சத்திரத்துக்கென்று இடமே இல்லை.

கேள்வி (துபாய்): மகளுக்கு ‘மினு’ என்று ஒற்றைப் பெயராகப் பதிய நினைக்கிறோம். கடவுச்சீட்டில் சிக்கல் வருமா?

பதில்: செல்லப்பெயர் என்பதால் வராது, ஒற்றைப் பெயர் என்பதால் வரலாம். கடவுச்சீட்டில் பெயருக்கு இரண்டு பகுதிகள் இருக்கின்றன. தலைப்பெழுத்தோடு வாழும் நம்மவர்களுக்கு ஒன்று வெறுமையாகிவிடுகிறது. 2022 நவம்பரில் உங்கள் நாடே, ஒரே ஒரு சொல் மட்டும் உள்ள கடவுச்சீட்டோடு சுற்றுலா, வருகை விசாக்களில் வருபவர்களை ஏற்பதில்லை என்று அறிவித்து, தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இரண்டாம் பக்கத்தில் இருந்தால் ஏற்பதாகப் பின்னர் விளக்கியது. ஆகவே எந்தப் பெயரை வைத்தாலும் தந்தையின் அல்லது தாயின் பெயரை முதலெழுத்தாகச் சுருக்காமல் விரித்து எழுதுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலையும் இன்றே முடிவு செய்யுங்கள். மினு, அம்மு போன்ற ஈற்று உகரப் பெயர்களை ஒருவர் ஒரு ‘யு’ போட்டும், மற்றொருவர் இரண்டு ‘ஓ’ போட்டும் எழுதுவார்கள்; ஆவணத்துக்கு ஆவணம் பெயர் மாறிவிட்டது என்று மனுவோடு வந்தவர்களில் பாதிப்பேர் இந்த வகையினரே.

கேள்வி (சேலம், 27 வயதுப் பெண்): என் பெயரே சான்றிதழில் ‘பேபி’தான். மருத்துவமனையில் எழுதியது அப்படியே நிலைத்துவிட்டது என்று அம்மா சொல்வார். கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்திருக்கிறேன். முதல் வகுப்பில் பெயரைச் சொன்னதும் மாணவர்கள் சிரித்தார்கள். மாற்றினால் அம்மா வருந்துவாரோ என்று தயங்குகிறேன்.

பதில்: உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது, மகளே. தாயின் பெயரைக் குறித்து ‘இன்னாரின் பேபி’ என்று மருத்துவமனைப் பதிவில் எழுதுவது வழக்கம். அந்தச் சொல்லே பெயராக ஆகிவிட்ட பெண்களை நான் பணியில் இருந்தபோது சந்தித்திருக்கிறேன். சிலர் அதை மகிழ்ச்சியோடு வைத்துக்கொண்டார்கள். பேபி டீச்சர் என்று ஊரே மரியாதையோடு அழைக்க ஓய்வு பெற்றவர்களும் உண்டு. அந்த முதல் நாள் சிரிப்பு, நீங்கள் பாடம் நடத்தத் தொடங்கிய சில வாரங்களில் நின்றுவிடும். அதற்காக மட்டும் மாற்ற வேண்டாம்.

ஆனால் சிரிப்பைத் தள்ளிவைத்துவிட்டு, அந்தப் பெயரைக் கேட்கும்போது அது நீங்கள்தான் என்று உங்களுக்குத் தோன்றுகிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் தயங்காமல் மாற்றுங்கள். வயது வந்தவர் தன் பெயரைத் தானே தேர்வது அவருடைய உரிமை, அம்மாவுக்குச் செய்யும் துரோகமன்று. புதிய பெயரை அம்மாவையே தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். அப்போது வைக்க நினைத்து வைக்காமல் விட்ட ஒரு பெயர் அவர் மனத்தில் இருக்கவும் கூடும். பணி நிலைப்படுத்தப்படுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது. பட்டச் சான்றிதழ்களில் பழைய பெயரே இருக்கும் என்பதால், அரசிதழின் பிரதிகளை வாழ்நாள் முழுவதும் பத்திரமாக வைத்திருங்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): எங்கள் பக்கம் எல்லோருக்கும் வீட்டுப்பெயர் ஒன்று, பள்ளிப்பெயர் ஒன்று. கனடாவில் பிறந்த பேத்திக்கு இரண்டும் குழப்பம் என்று ஒரே பெயர் போதும் என்கிறார் மகன்.

பதில்: ஐயா, இரண்டு பெயர்களால் குழந்தைகள் குழம்புவதில்லை. எந்த இடத்தில் எந்தப் பெயர் என்பதை நடக்கப் பழகும் வயதிலேயே அவர்கள் அறிந்துகொள்கிறார்கள். வங்காளிகளும் இன்றுவரை வீட்டுக்கு ஒன்று, வெளிக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு உலகமெங்கும் வாழ்கிறார்கள். மகனைப் பதிவில் ஒரே பெயரை எழுதச் சொல்லுங்கள். வீட்டுப்பெயரை நீங்கள் சொல்லி அழையுங்கள். அதற்கு அவருடைய அனுமதி தேவையில்லை.

கேள்வி (தஞ்சாவூர்): மகனுக்குப் பதினோரு மாதம் ஆகிறது. ‘அப்பு’ என்று பதிவதா, ‘அப்பர்சாமி’ என்று பாட்டன் பெயரைப் பதிவதா என்று இன்னும் முடிவாகவில்லை. காலக்கெடு முடிந்துவிடுமா?

பதில்: பிறப்பைப் பதிந்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதன் பிறகு 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். எனவே பதற்றத்தில் முடிவெடுக்க வேண்டாம், ஆனாலும் கட்டணமில்லாத இந்த ஒரு மாதத்திலேயே முடித்துவிடுங்கள். உங்கள் வீட்டில் தேட வேண்டியதே இல்லை. அப்பர்சாமிக்குள் அப்பு இருக்கிறான். படிவத்தில் பாட்டன் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, கையொப்பமிடும் முன் இரண்டையும் எழுத்துக்கூட்டிப் படித்துப் பாருங்கள். பெற்றோர் இருவரின் பெயர்களும் அவரவர் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்பதையும் அப்போதே சரிபார்த்துக் கொடுங்கள்.