சிறையிலிருந்து நிபந்தனையுடன் விடுவிப்பது என்றால் என்ன? வெளியே வந்தவரை ஏன் கண்காணிக்கிறார்கள்?

தண்டனைக் காலம் முடிவதற்கு முன்பே ஒரு கைதியைச் சில கட்டுப்பாடுகளுடன் வெளியே வாழ அனுமதிப்பதே நிபந்தனை விடுதலை. குறிப்பிட்ட முகவரியில் தங்குவது, கண்காணிப்பு அதிகாரியை உரிய நாள்களில் சந்திப்பது, பாதிக்கப்பட்டவரை நெருங்காதிருப்பது போன்றவை வழக்கமான நிபந்தனைகள். சிலருக்குக் கணுக்காலில் இருப்பிடம் காட்டும் மின்னணுக் கருவியும் பொருத்தப்படுகிறது.

கைதிகளில் பெரும்பாலோர் என்றாவது ஒரு நாள் வெளியே வரத்தான் போகிறார்கள் என்பதே இந்த ஏற்பாட்டின் அடிப்படை. உண்பது, உறங்குவது முதல் அனைத்தையும் பல ஆண்டுகள் பிறர் முடிவு செய்யப் பழகிவிட்ட ஒருவர், வேலையோ வீடோ துணையோ இல்லாமல் ஒரே நாளில் வெளியுலகில் நிறுத்தப்படும்போது தடுமாறுவது இயல்பு. மீண்டும் குற்றத்தில் விழும் ஆபத்தும் விடுதலையான முதல் சில மாதங்களில்தான் அதிகம். முறிந்த காலின் மாவுக்கட்டைப் பிரித்த உடனே மருத்துவர் ஓடச் சொல்வதில்லை. ஊன்றுகோலுடன் நடக்கச் சொல்லி, இடையிடையே வரவழைத்துப் பார்க்கிறார் அல்லவா, அதுபோன்றதே இதுவும்.

1840-இல், ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே உள்ள நார்ஃபோக் தீவின் கைதிகள் முகாமுக்குப் பொறுப்பேற்ற அலெக்சாண்டர் மெக்கனாக்கி, உழைப்புக்கும் நன்னடத்தைக்கும் மதிப்பெண் அளித்து, கைதிகள் படிப்படியாக விடுதலையை ஈட்டும் முறையைக் கொண்டுவந்தார். பிற்கால நிபந்தனை விடுதலை முறைகளுக்கு அது ஒரு முன்னோடி.

கண்காணிப்பு மட்டுமே போதும் என்று நான் கருதவில்லை. கருவி ஒருவர் இருக்கும் இடத்தைச் சொல்லுமே தவிர, அவருக்கு வேலை தேடித் தராது; போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சையும் அளிக்காது.

நிபந்தனை விடுதலையை மன்னிப்பு என்றோ தண்டனை ரத்து என்றோ பலர் தவறாக எண்ணுகிறார்கள். உண்மையில் தண்டனை வெளியே தொடர்கிறது, நிபந்தனையை மீறினால் புதிய குற்றம் எதுவும் செய்யாதவரைக்கூட மீண்டும் சிறைக்கு அனுப்ப முடியும்.