கள்ள ரூபாயின் தடம்: வெள்ளி நாணயக் காலத்துக் கேள்வி பதில்

பிரிட்டிஷ் இந்தியாவின் வெள்ளி ரூபாயையும் அந்தக் காலத்து நாணயச் சட்டங்களையும் பற்றி வந்த கேள்விகளில், கள்ள நாணயம் தொடர்பானவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

சேலம் வாசகர்: கள்ளக் காசு எந்தக் காலத்திலும் இருந்ததுதானே? நீங்கள் ஏன் எப்போதும் 1893இலிருந்தே பேச்சைத் தொடங்குகிறீர்கள்?

அதுவரை கள்ள ரூபாய் என்றால் ஈயமும் தகரமும்தான். நல்ல வெள்ளியில் யாரும் திருட்டுத்தனமாக ரூபாய் அடிக்க வேண்டிய அவசியமே இல்லை. வெள்ளிக் கட்டியை பம்பாய் அல்லது கல்கத்தா நாணயசாலைக்குக் கொண்டுபோனால், சுமார் 2 சதவீதம் கூலி பிடித்துக்கொண்டு அரசே ரூபாயாக அடித்துக் கொடுத்துவிடும்.

1893 ஜூனில் அந்தக் கதவை அடைத்தார்கள். உலகச் சந்தையில் வெள்ளி விலை சரிந்துகொண்டே போனது. லண்டனுக்கு பவுண்டில் பணம் கட்டவேண்டிய இந்திய அரசு விழிபிதுங்கி நின்றது. அதனால் ரூபாயின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தி, மதிப்பை 16 பிரிட்டிஷ் பென்ஸில் நிறுத்தப் பார்த்தார்கள். நிறுத்தியும் காட்டினார்கள். ஆனால் வெள்ளி கீழே போவது நிற்கவில்லை. 1902 கடைசியில் லண்டனில் ஓர் அவுன்ஸ் ஸ்டெர்லிங் வெள்ளி (92.5 சதவீதத் தரம்) ஏறக்குறைய 22 பென்ஸ். ரூபாயில் இருந்தது 165 கிரெயின் (பழைய ஆங்கில எடை அளவு) சுத்த வெள்ளி. கணக்குப் போட்டால் 8 பென்ஸ் சொச்சம்தான் வருகிறது. மீதிப் பாதி, ராணியின் தலைக்கு மக்கள் கொடுத்த மரியாதை.

அதாவது அரசு அடிக்கும் அதே எடையில், அதே தரத்தில் திருட்டுத்தனமாக அடித்தாலும் ஒன்றுக்கு ஒன்று லாபம். இந்த ஆபத்தை அப்போதே எல்லோரும் பேசினார்கள். என்னைக் கேட்டால், கள்ளக் கம்பட்டக்காரனுக்கு இவ்வளவு பெரிய வாசலைத் திறந்துவிட்டது அரசின் நாணயக் கொள்கையேதான்.

திருச்சி, கல்லூரி மாணவி: எடையும் சரி, வெள்ளியும் சரி என்றால் எப்படித்தான் பிடிப்பார்கள்?

நல்ல கேள்வி அம்மா. முதலில் மட்டமான சரக்கைப் பார்த்துவிடுவோம். ரூபாயின் எடை 180 கிரெயின், 11.66 கிராம். அதே அளவில் தகரக் கலவையில் வார்த்தால் எட்டரை கிராம்கூடத் தேறாது. கஜானாவிலோ வங்கியிலோ காசைச் சோதிக்க இருந்த நோட்டக்காரருக்குத் தராசு கூடத் தேவையில்லை; கல்லில் தட்டினால் எழும் சத்தம், விரலுக்குப் படும் வழவழப்பு, மழுங்கிப்போன விளிம்புக் கோடுகள் போதும். களிமண் அச்சில் வார்த்ததென்றால் மேலே பொடிப் பொடிக் குழிகள் தெரியும்.

நல்ல வெள்ளியில் அச்சுக் குத்தியதுதான் தலைவலி. அங்கே உலோகத்தை விட்டுவிட்டு அச்சைத் தேடவேண்டும். கையால் வெட்டிய அச்சில் ஏதாவது ஒரு பிசகு இருந்தே தீரும்: ஓர் எழுத்தின் கால் கோணல், கிரீடத்தில் ஒரு முத்து குறைவு, ஓரத்தில் மயிரிழை விரிசல். ஒரே பிசகு ஒரு நாணயத்தில் கல்கத்தாவிலும் இன்னொன்றில் லாகூரிலும் தென்பட்டால் இரண்டும் ஒரே பட்டறையில் பிறந்தவை. விரிசல் எதில் சின்னதாக, எதில் பெரிதாக இருக்கிறது என்று பார்த்தால் எது முதலில் அடித்தது என்பதும் தெரியும். இன்றைக்கும் சேகரிப்பாளர்கள் செய்வது இதே வேலைதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 1862 என்று போட்ட ரூபாயை 1874 வரை அதே ஆண்டைப் போட்டே அடித்தார்கள். அச்சுகள் பல, பின்புறத்துப் புள்ளிகளின் எண்ணிக்கையும் பலவிதம். எது அசல் மாறுபாடு, எது கள்ள அச்சு என்று பிரிக்க நல்ல கண் வேண்டும்.

சென்னை, சட்ட மாணவர்: வெளிநாட்டிலிருந்து கடத்தி வந்தால் எந்தச் சட்டம்?

இரண்டு பக்கமும் கண்ணி வைத்திருந்தார்கள். 1878 கடல் சுங்கச் சட்டத்தின் 18ஆம் பிரிவு கள்ள நாணயத்தை இறக்குமதி செய்யத் தடை விதித்தது. அதோடு விடவில்லை, ராணியின் நாணயம் என்ற பெயரில் எடையிலோ தரத்திலோ குறைந்து வருவதையும் தடுத்தது. அப்போதைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 237, 238ஆம் பிரிவுகள். பிற நாட்டு நாணயத்தின் போலி என்றால் மூன்று ஆண்டு வரை. இந்திய ரூபாயின் போலி என்றால் ஆயுள் முழுக்கத் தீவாந்தரம் (நாடு கடத்தல்) வரை போகலாம் என்று இருந்தது. இங்கேயே அச்சடித்தவனுக்கும் அதே தண்டனை.

விருதுநகர், மளிகைக்கடைக்காரர்: தெரியாமல் வாங்கிய கடைக்காரன் கதி?

உங்களை மாதிரி ஆளை மனதில் வைத்தே ஒரு பிரிவு எழுதியிருந்தார்கள் அண்ணாச்சி. அதே தண்டனைச் சட்டத்தின் 241ஆம் பிரிவு. அதிலுள்ள உதாரணம் இது: அச்சடிக்கிறவன் கிழக்கிந்தியக் கம்பெனி ரூபாயின் போலியைக் கூட்டாளியிடம் கொடுக்கிறான், கூட்டாளி இன்னொரு ஏஜெண்டிடம் விற்கிறான், அவன் கடையில் சரக்கு வாங்கிக் கொடுக்கிறான். கடைக்காரருக்குத் தெரியாது. பிறகு தெரிந்துகொண்டும், நல்ல காசு போல வேறொருவர் தலையில் கட்டிவிடுகிறார். இந்தக் கடைசி ஆளுக்கு மட்டும் தண்டனை குறைவு: இரண்டு ஆண்டு வரை, அல்லது காசின் மதிப்பைப் போல பத்து மடங்கு வரை அபராதம்.

போலீஸ் இதே சங்கிலியைத் தலைகீழாக ஏறவேண்டும். கடைக்காரர் வாய் திறந்தால்தான் மேலே போகமுடியும். ஆனால் 1906 நாணயச் சட்டப்படி, அதிகாரம் பெற்றவர் கள்ளக் காசைக் கண்டால் அங்கேயே வெட்டிவிடலாம், நஷ்டம் கொண்டுவந்தவருக்கு என்று இருந்தது. பிறகு யார் கஜானாவுக்குக் கொண்டுபோவார்? சத்தமில்லாமல் அடுத்தவரிடம் தள்ளுவார்கள். தடம் அறுந்தது பெரும்பாலும் இங்கேதான் என்பது என் எண்ணம்.

கோயம்புத்தூர் வாசகர்: சப்பர்பந்துகள் என்ற கூட்டமே கள்ள நாணயக்காரர்கள் என்று படித்தேன். உண்மையா?

படித்தது போலீஸ் கையேட்டுச் சரக்காக இருக்கும். பம்பாய் மாகாணத்தில், முக்கியமாக பிஜாப்பூர்ப் பக்கம் இருந்த இந்தச் சமூகத்தார், பக்கிரி வேடத்தில் ஊர் ஊராகப் போய்க் களிமண் அச்சில் வார்த்த காசை மாற்றுவார்கள் என்று எழுதிவைத்தார்கள். சிலர் செய்திருக்கலாம். அதற்காகக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் பிறந்த குழந்தை வரை பட்டியலில் சேர்த்தது அநியாயம். இங்கே கள்ளரும் மறவரும் பட்ட பாடு நமக்குத் தெரியாததா? தவிர, களிமண் அச்சு என்பது தகரச் சரக்குக்கு. நல்ல வெள்ளியில் அடிப்பதென்றால் அச்சு வெட்டவும் யந்திரம் வைக்கவும் வெள்ளி வாங்கவும் முதலீடு வேண்டும். அந்த முதலீடு பக்கிரியிடம் இருக்காது.

உண்மையில் உதவியது கைரேகை. நாணயக் குற்றத்தில் இரண்டாம் முறை சிக்கினால் தண்டனைச் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி தண்டனை ஏறும். ஆனால் பெயரை மாற்றிச் சொன்னால் பழைய தண்டனையை எப்படி நிரூபிப்பது? 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு வந்தபிறகு பெயர் மாற்றுவதில் பயனில்லாமல் போயிற்று.

சிங்கப்பூர் வாசகர்: எங்கள் பக்கம் டாலர் கதை எப்படி?

அதே நோய். 1903இல் ஜலசந்திக் குடியேற்றங்களுக்கு (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய பிரிட்டிஷ் பகுதி) தனி டாலர் வந்தது. அதையும் பம்பாயில்தான் அடிக்கத் தொடங்கினார்கள். கூடவே மெக்சிகோ டாலரும் பழைய பிரிட்டிஷ் டாலரும் உள்ளே வரத் தடை. 1906இல் அந்த டாலரின் மதிப்பை 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று கட்டிவைத்ததும் வெள்ளி விலை எதிர்ப்பக்கம் ஏறியது. உருக்கிவிடுவார்கள் என்று பயந்து, 1907இல் எடையை 416 கிரெயினிலிருந்து 312ஆகக் குறைத்தார்கள். இந்தியாவும் இதே பயத்தை 1917இல் பார்த்தது. நாணயத்தை உருக்கத் தடை போட்டது. அந்த விலையில் நல்ல வெள்ளியில் கள்ள ரூபாய் அடிப்பவனுக்குக் கட்டுப்படியாகியிருக்காது.

காரைக்குடி வாசகி: பாட்டி பெட்டியில் 1939 ரூபாய் ஒன்று இருக்கிறது. அசலா?

ஆசையை அடக்கிக்கொண்டு பாருங்கள். 1939 அபூர்வம், அதனால் போலியும் ஏராளம். 1940இல் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தபோது, கள்ள அச்சைத் தடுக்க விளிம்பின் நடுவில் ஒரு பள்ளக் கோடு சேர்த்தார்கள். உங்கள் காசில் அந்தக் கோடு இருந்தால் அது 1939 இல்லை. கோடு இல்லாவிட்டால் 9 என்ற கடைசி இலக்கத்தை லென்ஸில் பாருங்கள். 1938இன் 8ஐச் சுரண்டி 9 ஆக்கியவை சந்தையில் உலவுகின்றன. எடை 11.66க்கு மிக அருகில் இருக்கவேண்டும். தேய்க்காதீர்கள், புளி போட்டுக் கழுவாதீர்கள்.