பிக்கப் வாங்கும் முன் கதவைத் திறந்து பாருங்கள்

கேள்வி: டெக்சஸில் டைல்ஸ் ஒட்டும் தொழில் செய்கிறேன். வாரநாளில் சரக்கு ஏற்றவும், லீவு நாளில் நாங்கள் நாலு பேரும் 6,500 பவுண்டு கேம்பிங் டிரெய்லரோடு ஊர் சுற்றவும் ஒரே வண்டியாக ஃபோர்டு எஃப்-150 பிக்கப் பார்த்திருக்கிறேன். 11,000 பவுண்டு இழுக்கும் என்கிறார் விற்பனையாளர். நம்பலாமா?

பதில்: அந்த 11,000-ஐ விட்டுவிடுங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் பக்கத் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து எத்தனை பவுண்டு தாண்டக்கூடாது என்று அதில் போட்டிருக்கும். உங்களுக்கு வேண்டியது அந்த எண்தான். ஒரே மாடலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு வண்டிகளுக்கே இது மாறும், ஏனென்றால் சன்ரூஃப், நாலு வீல் டிரைவ் என்று வசதி ஏற ஏற எண் இறங்கும்.

ஸ்டிக்கரில் 1,500 என்று வையுங்கள். டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கி வழியாக வண்டி மேலேயே இறங்கும். 13 சதவீதம் என்றால் 845 பவுண்டு. நாலு பேர் 600, கொக்கிச் சாமான் 75. மொத்தம் 1,520. ஒரு ஐஸ் பெட்டிகூட ஏற்றவில்லை, அதற்குள் வரம்பு தாண்டிவிட்டது! அந்த 6,500 காலி எடையா என்றும் கேளுங்கள், 40 கேலன் தண்ணீர் நிரப்பினாலே 330 பவுண்டு கூடும்.

வேலைக்குக் கவலை இல்லை. 50 பவுண்டு சிமென்ட் கலவை மூட்டை 20 ஏற்றி, நீங்களும் உதவியாளும் உட்கார்ந்தாலும் 1,500-க்குள் அடங்கும்.

டீலரிடம் ஜாக்கிரதை. டெக்சஸ் சட்டப்படி கம்பெனி நேரடியாக விற்க முடியாது, அதனால் நடுவில் ஒருவர் நின்றுகொண்டு டயருக்கு நைட்ரஜன், பெயின்ட் பாதுகாப்பு என்று பில்லில் ஏற்றுவதை நாம் சகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. என்னிடமும் ஒருவர் இழுவை எண்ணையே திரும்பத் திரும்பச் சொன்னார், நான் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் 1,340. ஸ்டிக்கரைக் கட்டாயமாக்கிய அரசாங்கம் அதே எண்ணை விளம்பரத்திலும் பெரிதாகப் போடச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

சரி, அடுத்த பெரிய மாடலான எஃப்-250 வாங்கினால் பிரச்சினை தீருமா? பெட்ரோல் என்றால் பெரும்பாலும் தீரும். டீசலில்தான் சிக்கல். டீசல் எஞ்சின் பல நூறு பவுண்டு கூடுதல் கனம். வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டில் நிற்கும் வண்டியில் அந்தக் கனம் உங்கள் சரக்கின் கணக்கிலிருந்துதான் கழியும். இழுவை எண் பிரமாதமாக இருக்கும், ஏற்றும் எண் ஏமாற்றும். பெரிய வண்டிதானே, டீசல்தானே என்று நம்பிக் கையெழுத்துப் போட்டவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

எஃப்-150தான் வேண்டுமென்றால் அதிக வசதி இல்லாத டிரிம்களில், அதாவது அதே மாடலின் எளிய வகைகளில், 1,900-க்கு மேல் ஸ்டிக்கர் உள்ளதைத் தேடுங்கள், பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டி ஆறரை அடி நீளம் இருக்கட்டும். முன்பணம் கட்டும் முன், நீங்கள் வாங்கப்போகும் அதே வண்டியின் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.