ஊசியின் காது

அன்புள்ள ஐயா,

என் அப்பாவுக்கு எண்பது வயது. கடை வைத்து நன்றாகச் சம்பாதித்தவர். ஊர் கோயிலின் மணிக்கூண்டு பெரும்பாலும் அவர் பணத்தில் எழுந்தது. இப்போது படுத்த படுக்கை. நான்தான் கஞ்சி ஊட்டுகிறேன். ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்தில் நுழைவதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்று இயேசு சொன்ன வசனம் அவரை வாட்டுகிறது. பார்க்க வந்த ஒருவர், “ஊசியின் காது என்பது எருசலேமில் இருந்த குறுகிய வாசல். சுமையை இறக்கி, மண்டியிட்டால் ஒட்டகம் நுழைந்துவிடும்” என்றார். அன்றிலிருந்து அப்பா, “நான் இறக்கினது போதுமா?” என்றே கேட்கிறார். என்ன சொல்வது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

அந்த வாசல் கதையைப் பிரசங்கங்களில் நானும் கேட்டிருக்கிறேன். இயேசுவின் காலத்து எருசலேமில் அப்படி ஒரு வாசல் இருந்ததற்குச் சான்று இல்லை. பல நூற்றாண்டு கழித்து எழுதிய விளக்கங்களில்தான் அது தலைகாட்டுகிறது. ஒட்டகத்தை வடக்கயிறாக்கிப் பார்த்தவர்களும் உண்டு. கிரேக்கத்தில் இரண்டுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். எப்படியாவது நுழைத்துவிட வேண்டும் என்ற தவிப்பு! யூத ரபிமாரின் பழைய நூலான பாபிலோனியத் தல்மூதில் இதே ஊசியின் காதில் யானை வருகிறது, நடக்கவே நடக்காத ஒன்றுக்கு உதாரணமாக.

சீஷர்களும் அப்படித்தான் புரிந்துகொண்டார்கள். “அப்படியானால் யார் இரட்சிக்கப்படக்கூடும்?” என்று திகைத்தார்கள். அவர்களில் சிலர் மீன் பிடித்துப் பிழைத்தவர்கள். செல்வம் கடவுளின் ஆசீர்வாதம், தானதர்மம் செய்ய வசதியுள்ளவனுக்கே வழியில்லை என்றால் நம் கதி என்ன என்ற பயம் அது. இயேசு அவர்களுக்கு வாசல் எதையும் காட்டவில்லை. “மனுஷரால் இது கூடாததுதான்” என்று ஒப்புக்கொண்டுவிட்டு, “தேவனாலே எல்லாம் கூடும்” என்றார்.

இன்னொன்று. அந்த வசனம் பிறக்கக் காரணமான பணக்காரன் ஏற்கெனவே மண்டியிட்டவன்! ஓடிவந்து முழங்கால்படியிட்டான் என்று மாற்கு எழுதுகிறார். நித்திய ஜீவனைச் சுதந்தரிக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டான். சுதந்தரம் என்றால் பிள்ளைக்கு வரும் சொத்து. உங்கள் அப்பாவின் கடையில் நீங்கள் என்ன உழைத்தீர்கள் என்று கணக்குப் பார்த்தா அவர் உங்களைப் பிள்ளையாக வைத்திருந்தார்? அதை அவரிடமே கேளுங்கள்.

இதற்காக அவர் கொடுத்தது வீண் என்று நினைத்துவிட வேண்டாம். எரிகோவில் வரி வசூலித்துப் பணக்காரனான சகேயு, தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகச் சொன்னான். ஆனால், “இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்” என்று இயேசு முதலில் சொல்லிவிட்டார். கொடுத்தது அந்தச் சந்தோஷத்தில். கொடுத்து இரட்சிப்பை வாங்க முடியுமா என்பது பழைய சண்டை. 1517இல் திருச்சபையின் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து ஜெர்மன் துறவி லூத்தர் கிளப்பிய சண்டையில் மேற்குத் திருச்சபை இரண்டானது. 1999இல் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் சேர்ந்தே கையெழுத்திட்டார்கள்: நம் தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்கிறார் என்று.

அப்பாவுக்கு ஒட்டகத்தில் தொடங்காதீர்கள். மாற்கு 10ஐ 13ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். சுமையும் இல்லாத, சாதனையும் இல்லாத சிறுபிள்ளைகளை இயேசு அணைத்துக்கொள்வது அங்கே வருகிறது. அப்புறம் 21ஆம் வசனத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அந்தப் பணக்காரன் இன்னும் ஒரு காசும் கொடுக்கவில்லை. “இயேசு அவனைப் பார்த்து, அவனிடத்தில் அன்புகூர்ந்து” என்று இருக்கும். அதை இரண்டு முறை வாசியுங்கள். கஞ்சி ஆறினாலும் பரவாயில்லை.