36 அங்குலச் சக்கரத்தில் பெடல் கழன்றால்

புதிதாகப் பூட்டிய 36 அங்குல யூனிசைக்கிளில் (ஒற்றைச் சக்கர சைக்கிளில்) இரண்டு பெடலும் கொஞ்ச தூரத்திலேயே தளர்ந்துவிடுகின்றன என்று கேட்டிருந்தீர்கள். அநேகமாக இருக்கை முன்பின் மாறியிருக்கும். ஏறி உட்காரும் நிலையில் குனிந்து பாருங்கள்: ‘எல்’ பொறித்த கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) இடது காலடியில் இருக்க வேண்டும். இடது பெடலுக்கு மரை எதிர்த்திசை. இருக்கை திரும்பியிருந்து பக்கம் மாறினால் மிதிக்க மிதிக்கக் கழன்றுகொண்டே வரும். இருக்கையைத் திருப்பி மாட்டினாலே சரியாகிவிடும்.

அதற்கு முன் பெடல்களைக் கழற்றி மரையைப் பாருங்கள். அலுமினியச் சீவல் ஒட்டியிருந்தால் கிராங்க் மரை போய்விட்டது, தயவுசெய்து அதில் ஏறாதீர்கள். மாற்றும்போது 150 மி.மீ. நீளக் கிராங்க் வாங்குங்கள், இவ்வளவு பெரிய சக்கரத்தை நிறுத்த ஆரம்பத்தில் அந்த நீளம் நல்ல துணை. மரை நன்றாக இருந்தால் கிரீஸ் தடவி, முதலில் கையால் திருகிவிட்டு, பிறகு ஸ்பானர்.

அப்புறம், சக்கரத்தின் அச்சைத் தாங்கும் பேரிங்கின் மூடி போல்ட்டுகளை அழுத்தி முறுக்க வேண்டாம். தூக்கிச் சுற்றினால் சக்கரம் தடையில்லாமல் ஓட வேண்டும்.