அப்பாவின் பழைய பாடக்குறிப்புகளை எடைக்குப் போடலாமா?

போடாதீர்கள். பதில் இவ்வளவுதான். இதற்கு மேல் எழுதப்போவது என் சொந்தக் கடுப்பு, நேரமிருந்தால் படியுங்கள்.

அப்பா பாலிடெக்னிக்கில் சிவில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், நான்கு அட்டைப்பெட்டி நிறைய நோட்டும் ஸ்டென்சில் தாளும் இருக்கிறது, மாறப்போகிற வீடு சின்னது என்று எழுதியிருக்கிறீர்கள். கூடவே "எல்லாம்தான் இப்போது நெட்டில் கிடைக்கிறதே" என்று ஒரு வரி. அந்த வரிதான் என்னை உட்கார வைத்தது.

நானும் உங்கள் அப்பா ரகம்தான். 1986-ல் சேர்ந்து 29 வருஷம் சர்வே, கட்டுமானப் பொருட்கள், எஸ்டிமேட்டிங் (ஒரு வேலைக்கு என்ன பொருள் எவ்வளவு என்று கணக்குப் போடுவது) நடத்தினேன். வந்த பையன்களில் பாதிப் பேர் தமிழ் வழியில் படித்தவர்கள். புத்தகம் வாங்கக் காசு இருக்காது, வாங்கினாலும் அந்த இங்கிலீஷ் பிடிபடாது. அதனால் நானே எளிய இங்கிலீஷில் எழுதி ஸ்டென்சில் வெட்டினேன். டைப்ரைட்டரில் ரிப்பனை விலக்கிவிட்டு மெழுகுத்தாளில் அடிக்க வேண்டும். படம் என்றால் ஸ்டைலஸால் கீற வேண்டும், கொஞ்சம் அழுத்தினால் கிழிந்துவிடும். ஒரு வளைவுப் பாலத்தின் படத்தை மூன்று தடவை கிழித்திருக்கிறேன். பிறகு சைக்ளோஸ்டைல் என்ற நகல் மெஷினில் உருட்டி, கையெல்லாம் மை.

ஓய்வு பெற்றபோது அலமாரியைக் காலி செய்ய இரண்டு வாரம் கேட்டேன். சரி என்றார்கள். அதற்குள் ஏதோ இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. நான் போனபோது அலமாரிக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தது. "பழைய பேப்பர்னு நினைச்சிட்டோம் சார்" என்றார்கள். வடை மடித்த தாளில் என் கையெழுத்தைப் பார்த்தேன் என்று முடித்தால் கதை நன்றாக இருக்கும். அப்படியெல்லாம் நடக்கவில்லை. பேப்பர் கடைக்குப் போய்க் கேட்டேன். லோடு போன வாரமே போய்விட்டது என்றார் கடைக்காரர். அவர் மேல் தப்பில்லை.

இந்த ஆற்றாமையில் இருந்தபோதுதான் மஹான் அறிமுகமானார். மச்சினர் மகன் ஐ.ஏ.எஸ். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். "மாமா, மஹான் பற்றி ஏதாவது தெரியுமா?" என்றான். எந்த மடத்துச் சாமி என்று கேட்டேன். சிரித்துவிட்டு, கடற்படை பலம் பற்றி 1890-ல் புத்தகம் எழுதிய அமெரிக்கர் ஆல்பிரெட் தாயர் மஹான் என்றான். தேடிப் பார்த்தால் எனக்கு மகன் முக்கியமாகப் படவில்லை, அவர் அப்பாதான் பட்டார். டெனிஸ் ஹார்ட் மஹான், அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் பொறியியல் பேராசிரியர். சிவில், ராணுவம் இரண்டும்.

1802-ல் நியூயார்க்கில் ஐரிஷ் குடியேறிகளுக்குப் பிறந்து, வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் வளர்ந்தவர். ஓவியம் கற்றுத்தருகிறார்கள் என்பதற்காகவே 1820-ல் வெஸ்ட் பாயிண்டில் சேர்ந்தார் என்பார்கள். 1824-ல் வகுப்பில் முதலாவதாக வந்தார். கல்லூரித் தலைவர் சில்வேனஸ் தாயர் பையனைப் பிடித்துக்கொண்டார். 1826-ல் பிரான்சுக்கு அனுப்பினார்கள். நான்கு வருஷம் அங்கே, அதில் மெட்ஸ் நகரத்தில் பீரங்கிப்படையும் பொறியாளர்களும் படிக்கிற பள்ளியிலும் கொஞ்ச காலம். திரும்பி வந்து 1832-லிருந்து சாகும்வரை 39 வருஷம் அதே நாற்காலி. மகனுக்குத் 'தாயர்' என்று பெயர் வைத்ததும் அந்தக் குருபக்தியில்தான்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்ட இடம் வேறு. வகுப்புக்குத் தோதான இங்கிலீஷ் பாடப்புத்தகம் இல்லாததால் மனிதர் தானே குறிப்பு எழுதி, கல்லச்சில் (லித்தோகிராஃப்) ஓட்டி, கேடட்டுகளுக்குக் கொடுத்திருக்கிறார். கோட்டை கட்டுவது, முற்றுகை, கல் செதுக்கும் கணக்கு எல்லாம் இப்படித் தாள் தாளாக. படித்துவிட்டு ஃபோனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். கல்லச்சு, சைக்ளோஸ்டைல், அவ்வளவுதானே வித்தியாசம்!

(உடனே "உன்னை அவரோடு ஒப்பிடுகிறாயா" என்று கிளம்பாதீர்கள். அவர் அளவுக்கு எனக்கு மூளை கிடையாது. மையைத்தான் ஒப்பிடுகிறேன்.)

களத்தில் அரண் அமைப்பது பற்றிய அவர் புத்தகம் 1836-ல் வந்தது, சிவில் இன்ஜினியரிங் புத்தகம் 1837-ல். இரண்டாவதை நெட்டில் இறக்கிப் பார்த்தேன். கல், சுண்ணாம்பு, செங்கல், மரம், கட்டுவேலை, பாலம், ரோடு, ரயில், கால்வாய் என்று என் சிலபஸ் அப்படியே இருக்கிறது. அரண் புத்தகத்தின் அடிப்படை எளிது: அமெரிக்காவிடம் இருப்பது பெரும்பாலும் பயிற்சி குறைந்த ஊர்ப்படை, அவர்களை வெட்டவெளியில் நிறுத்தாதே, மண்ணை வெட்டி மறைவு கொடு. 1861-ல் வடக்குக்கும் தெற்குக்கும் உள்நாட்டுப் போர் வந்தபோது வடக்கில் கிராண்ட், ஷெர்மன், தெற்கில் ஸ்டோன்வால் ஜாக்சன், மூன்று தளபதிகளும் இவரிடம் படித்தவர்கள். தெற்கின் தளபதி லீயையும் சிலர் சேர்த்துச் சொல்வார்கள், தப்பு. லீ படிப்பை முடித்த 1829-ல் மஹான் பிரான்சில் இருந்தார். போரில் மஹான் வடக்கின் பக்கம் நின்றார். ஆனால் அரண் புத்தகத்தைத் தென்தரப்பு தன் தலைநகர் ரிச்மண்டில் 1862-ல் மறுபதிப்பே போட்டுவிட்டது. ராயல்டி எவன் கொடுத்திருப்பான்?

வகுப்பில் ஆள் கெடுபிடி. 'காமன் சென்ஸ்', 'காமன் சென்ஸ்' என்று ஓயாமல் சொல்வாராம். நிரந்தர மூக்கடைப்பு, அதனால் அது 'காபன் சென்ஸ்' என்று வரும். பையன்கள் விடுவார்களா, 'கிழட்டு காபன் சென்ஸ்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். என் பட்டப்பெயரை இங்கே எழுத மாட்டேன்.

முடிவு நன்றாக இல்லை. 1871-ல் கல்லூரியைப் பார்வையிட வந்த குழு அவரை ஓய்வில் அனுப்பச் சொல்லிவிட்டது. அப்போது ஜனாதிபதியே அவர் மாணவர் கிராண்ட்தான். அந்தச் செப்டம்பரில் ஹட்சன் நதியில் படகில் போகும்போது மனிதர் தண்ணீரில் குதித்து உயிரை விட்டார். வயது 69. உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை, அவருக்கு மனச்சோர்வு எவ்வளவு இருந்ததோ. ஆனால் "போட்டா போடுங்கப்பா, எனக்கென்ன" என்று உங்கள் அப்பா சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பேன். நானும் வீட்டில் அதையேதான் சொன்னேன்.

சம்பந்தமில்லாமல் ஒன்று. மகன் மஹான் சொன்னதாக "இந்தியப் பெருங்கடலைக் கட்டுப்படுத்துபவன் ஆசியாவை ஆள்வான்" என்ற வாசகத்தை நம் நாட்டில் கருத்தரங்கு பேனர் முதல் பரீட்சை கைடு வரை போடுகிறார்கள். அவர் எழுத்தில் அப்படி ஒரு வரியே கிடையாது, யாரோ கட்டிவிட்டது. மச்சினர் மகனிடம் சொன்னேன். "எழுதினா மார்க் வரும் மாமா" என்றான். நெட்டில் எல்லாம் கிடைக்கிறது என்றீர்களே, இதுவும் அங்கேதான் கிடைக்கிறது.

சரி, பெட்டிக்கு வருவோம். அச்சடித்த புத்தகமாக இருந்தால் போடுங்கள், தவறில்லை. கையால் எழுதியது, ஸ்டென்சிலில் ஓட்டியது, ஓரத்தில் பென்சில் குறிப்பு உள்ளது எதையும் தொடாதீர்கள். அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பிரியுங்கள். நான்கு பெட்டி ஒன்றாகிவிடும்.

ஓரக் குறிப்புக்கு ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இரண்டு வருஷம் முன்பு பழைய மாணவன் ஒருவன் மகள் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தான். இப்போது கான்ட்ராக்டர். பேச்சுவாக்கில் அலமாரி கதையைச் சொன்னேன். "என்கிட்ட ஒரு செட் இருக்கே சார்" என்றான். மறுவாரம் சணலில் தைத்த என் எஸ்டிமேட்டிங் நோட்ஸைக் கொண்டுவந்தான். சிமென்ட் கறை, ஒரு மூலையில் எலி கடித்தது. புரட்டினேன். 'ஒரு கன மீட்டர் கட்டுவேலைக்கு 500 செங்கல்' என்று நான் அடித்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலில், 'நம்ம சூளைக் கல்லுக்கு வராது. அளந்து போடு.'

உண்மைதான். கலவையோடு சேர்த்து 20×10×10 சென்டிமீட்டர் வருகிற ஸ்டாண்டர்டு கல்லுக்குத்தான் அந்த 500. அவன் ஊர்ச் சூளைக்கல் அதைவிடப் பெரிது. என் கணக்கை நம்பி முதல் வேலையில் கல் மிச்சமாகிக் கிடந்ததாம். 29 வருஷம் ஒரு தடவைகூட நான் சூளைக்குப் போய் டேப் வைத்துப் பார்க்கவில்லை. காபன் சென்ஸ்!

அதை எனக்கே கொடுத்துவிடேன் என்று கேட்டேன். ஜெராக்ஸ் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுத்தான். "ஒரிஜினல் என்கிட்டயே இருக்கட்டும் சார். உங்ககிட்ட கொடுத்தா தொலைஞ்சிடும்."