உலக நாடுகள் ஒன்றுசேர்ந்து முடிவெடுக்க வேண்டும் என்று ஒரு கிராமத்தில் இருந்துகொண்டு பிரசாரம் செய்து பயன் உண்டா?

பயன் உண்டு. நான்கு வருடமாக நெல்லை மாவட்டத்து முக்கூடல் பக்கத்து ஊர்களில் இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், அதனால் தயங்காமல் சொல்கிறேன். கேள்வி கேட்ட தம்பி பாளையங்கோட்டையில் படிக்கிறாராம். "ஐ.நா. சபையால் முடியாததை நீ தெருவில் நின்று முடிக்கப் போகிறாயா?" என்று கூடப் படிக்கிறவர்கள் கேட்கிறார்களாம். என் பதிலைப் பீடித்தட்டில் இருந்துதான் தொடங்க முடியும்.

எங்கள் வீட்டில் அம்மா, இரண்டு சித்திமார், அத்தை எல்லாரும் பீடி சுற்றியவர்கள். இலையை நனைத்து ஈரச் சாக்கில் பொதிந்து வைத்து, காலையில் அளவாக வெட்டி, மடியில் தட்டை வைத்துத் திண்ணையில் உட்கார்ந்தால் வெளிச்சம் மங்கும்வரை எழ முடியாது. தூளை வைத்து உருட்டி, வாயை நகத்தால் மடக்கி, அடியில் நூலைச் சுற்ற வேண்டும். 25 பீடி ஒரு கட்டு, நாற்பது கட்டு ஆயிரம். கூலி அந்த ஆயிரத்துக்குத்தான். கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால், சரிபார்க்கிறவர் கட்டைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டுப் பாதியைக் கழிவு என்று ஒதுக்கிய நாட்களும் உண்டு. அம்மாவின் வலது பெருவிரல் நகம் ஓரத்தில் தேய்ந்து பள்ளமாகிவிட்டது. மருதாணி வைத்தாலும் அந்த இடத்தில் ஒட்டாது.

நான் முதலில் வீடு வீடாக எடுத்துக்கொண்டு போன கோரிக்கைத் தாள் எளிமையானது. ஆயிரத்துக்கான கூலியை உயர்த்த வேண்டும், அவ்வளவுதான். எங்கள் தெருவில் அறுபது வீட்டுக்கு மேல் இருக்கிறது. ஏழு பேர்தான் கையெழுத்துப் போட்டார்கள். எனக்குக் கோபம். அப்போது ஒரு மதினி சொன்னாள்: "கையெழுத்துப் போட்டுருவோம். அவுக கடையப் பூட்டிட்டு வேற ஊருக்குப் போயிட்டாவன்னா நாங்க என்ன செய்யதுக்கு?"

இதை விவரம் தெரியாத பேச்சு என்று நினைத்துவிடக் கூடாது. அவளுடைய பயத்துக்குச் சரித்திரமே இருக்கிறது. பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கான சட்டம் 1966இல் வந்தது. 1968இல் கேரளம் அதை அமல்படுத்தப் புறப்பட்டபோது, மங்களூர்ப் பக்கத்துப் பெரிய பீடி முதலாளிகள் கண்ணூர் வட்டாரத்தில் வேலையை நிறுத்திவிட்டார்கள். ஏறக்குறைய 12,000 பேருக்கு வேலை போனது. அடுத்த வருடம் தொழிலாளர்களே கூட்டுறவாகக் கேரள தினேஷ் பீடியைத் தொடங்கி நிமிர்ந்தார்கள், அது பெரிய கதை. ஆனால் எல்லா ஊருக்கும் அந்த வாய்ப்பு வாய்க்கவில்லை. ஒரு மாநிலம் மட்டும் தனியாக நல்லது செய்தால் அதற்கே தண்டனை கிடைக்கிறது என்பதுதான் அதில் நான் பார்த்தது.

தேசங்களும் இதே திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கின்றன. கம்பெனி வரியைக் கூட்டினால் கம்பெனி பக்கத்து நாட்டுக்குப் போய்விடும், கழிவுநீர் விதியை இறுக்கினால் ஆலை போய்விடும், கூலியைக் கூட்டினால் ஆர்டர் போய்விடும். பயத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு எல்லாருமாகக் கீழே இறங்குகிறார்கள். எந்த மந்திரியையும் இதற்காக நான் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவருக்கும் அந்த மதினியின் பயம்தான்.

இந்தப் பயத்துக்கு வழி சொன்னவர்களில் எனக்குப் பிடித்தவர் ஜான் பன்சல் என்ற இங்கிலாந்துக்காரர். அவர் தொடங்கிய இயக்கத்துக்கு சிம்போல் என்று பெயர், ஒரே நேரத்துக் கொள்கை என்று பொருள். வாக்காளர்கள் வேட்பாளரிடம் போய், "மற்ற நாடுகளும் செய்யும்போது நாமும் அதே நாளில் செய்வோம் என்று உறுதிமொழி கொடுங்கள், கொடுக்கிறவருக்குத்தான் முன்னுரிமை" என்கிறார்கள். தனியாக முன்னால் போகச் சொல்லி யாரையும் கேட்பதில்லை. கையெழுத்துப் போடுகிறவருக்கு அன்றைக்கு நஷ்டம் எதுவும் இல்லை. போதுமான நாடுகள் சேர்ந்த பிறகுதான் செயல்.

அதைப் படித்த இரவே தாளை மாற்றி எழுதினேன். "பீடி சுற்றும் எல்லா மாநிலங்களிலும், வீட்டில் இருந்து கூலிக்கு வேலை செய்யும் எல்லா நாடுகளிலும், ஒரே நாளில் குறைந்தபட்சக் கூலியும் பாதுகாப்பும் வர வேண்டும். மற்றவர்கள் சேரும்போது நாங்களும் சேருவோம்." அதே தெருவில் 53 கையெழுத்து. அந்த மதினி இரண்டாவதாகப் போட்டாள். பிரசாரம் என்றால் ஆட்களுக்குத் தைரியம் சொல்வது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். தைரியம் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது, முதல் ஆளாக மாட்டிக்கொள்ள மாட்டோம் என்ற உறுதிதான் வேண்டியிருந்தது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்து முறையை அப்படியே நெல்லைக்குத் தூக்கிக்கொண்டு வர முடியாது. இங்கே கட்சிக் கொறடா சொன்னபடிதான் எம்.பி. ஓட்டுப் போட வேண்டும். மீறினால் 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தில் பதவியே போகலாம். அதனால் தனி வேட்பாளரிடம் உறுதிமொழி வாங்குவது இங்கே பாதி பலன்தான். சங்கங்கள், மகளிர் குழுக்கள், கிராமசபை வழியாகக் கட்சித் தலைமையை நெருக்குவதே நமக்குப் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம்.

தெருவில் இருந்து ஜெனீவா வரை போனதற்கும் நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. அகமதாபாத்தில் எலா பட் 1972இல் தொடங்கிய சேவா என்ற பெண் தொழிலாளர் சங்கத்தில் பீடி சுற்றும் பெண்களும் இருந்தார்கள். வீட்டில் செய்தாலும் வேலை வேலைதான் என்று அவர்கள் மற்ற நாட்டுச் சங்கங்களோடு சேர்ந்து வருடக்கணக்காக வாதாடினார்கள். 1996இல் ஜெனீவாவில் இருக்கும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டுவழி வேலைக்கான 177ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. என் அம்மாவைப் போன்றவர்களை உலகச் சட்டம் தொழிலாளி என்று ஏற்றுக்கொண்டது அதில்தான். வருத்தம் என்னவென்றால் மிகச் சில நாடுகளே அதை ஏற்று உறுதிசெய்திருக்கின்றன. இந்தியா இன்னும் செய்யவில்லை.

இன்னொன்று எங்களை நேராகவே தொடுகிறது. புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலக உடன்படிக்கை 2005இல் நடைமுறைக்கு வந்தது, இந்தியா அதற்கு முந்திய வருடமே உறுதிசெய்துவிட்டது. பீடி கேடு, குறைய வேண்டும், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. இராத்திரி முழுக்க அத்தை இருமுவதைக் கேட்டு வளர்ந்தவள் நான். ஆனால் அதே உடன்படிக்கையின் 17ஆம் பிரிவு, புகையிலைத் தொழிலாளர்களுக்கு மாற்றுப் பிழைப்புக்கு உதவ வேண்டும் என்கிறது. படம் போட்ட எச்சரிக்கை எல்லாக் கடைக்கும் வந்துவிட்டது. 17ஆம் பிரிவு எங்கள் தெருவுக்கு வரவில்லை. கீழே இருந்து கேட்க ஆள் இல்லையென்றால் ஒப்பந்தத்தில் நமக்கான வரி மட்டும் தூங்கிவிடும்.

பெரிய அளவில் நடக்குமா என்றால், நடந்திருக்கிறது. 1998 மே மாதம் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஜி8 என்ற எட்டுப் பெரிய நாடுகளின் தலைவர்கள் கூடியபோது, ஏழை நாடுகளின் கடனை ரத்து செய்யச் சொல்லி 70,000 பேர் அளவில் கைகோத்து நின்றார்கள். மறு வருடம் ஜெர்மனியின் கொலோனில் நடந்த மாநாட்டில் கடனை மேலும் குறைக்க ஒப்புக்கொண்டார்கள். 2021 அக்டோபரில் 136 நாடுகள் பெரிய கம்பெனிகளுக்குக் குறைந்தது 15 சதவீத வரி என்று சேர்ந்து சொன்னார்கள். 2025இல் அமெரிக்க அதிபர் அது தங்களைக் கட்டாது என்று விலகினார். அதனால்தான் உள்ளூரில் ஆதரவு திரட்டும் வேலை கையெழுத்தான மறுநாளும் நிற்கக் கூடாது என்கிறேன்.

இப்போது எங்கள் வேலை கிராமசபையில். 177ஆம் உடன்படிக்கையை இந்தியா உறுதிசெய்ய வேண்டும் என்று மே 1 கூட்டத்தில் தீர்மானம் கொண்டுபோனோம். "இது நம்ம ஊராட்சிப் பொருள்ல வராதும்மா" என்றார்கள். பின்வரிசையில் இருந்த பெண்கள் எழுந்துபோகாமல் உட்கார்ந்தே இருந்தார்கள். மதியம் ஒரு மணிக்குப் பதிவேட்டில் ஏறியது. நகலை எம்.பி.க்கும் தொழிலாளர் அமைச்சகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினோம், இன்னும் பதில் இல்லை.

தம்பிக்கு ஒரு யோசனை. கல்லூரியில் கருத்தரங்கு வைக்கும் முன்னால் போட்டியாளர் என்று சொல்லப்படுகிற ஊரோடு பேசிவிடுங்கள். மேற்கு வங்கத்து முர்ஷிதாபாத்திலும் பெண்கள்தான் பீடி சுற்றுகிறார்கள், கூலி நம்மைவிடக் குறைவு. அங்குள்ள ஒரு சங்கத்துக்கு எழுதி, அவர்கள் கூலிச் சீட்டின் படத்தை வாங்கி நம்முடையதோடு ஒட்டிப் பெரிய தாளாக எங்கள் நூலகச் சுவரில் மாட்டியிருக்கிறோம். இளைய சித்தி அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்பம் அவளுவளுக்கும் சேத்துல்லா கேக்கணும்" என்றாள்.

அக்டோபர் 2 கிராமசபையில் முர்ஷிதாபாத் பெயரையும் சேர்த்து அடுத்த தீர்மானம் வைக்கப் போகிறோம். அவர்கள் அனுப்பிய கடிதத்தில் ஒரு பக்கம் வங்காளத்தில் இருக்கிறது. உங்கள் கல்லூரியில் அதைப் படித்துச் சொல்லக்கூடியவர் யாராவது இருந்தால் அழைத்துக்கொண்டு முக்கூடல் பஸ் ஏறி வாருங்கள்.